மானின் தொடையில் நான்கு விரல் இடைவெளி

இறந்த பிறகு நன்றாகக் கவனிக்கப்படும் பேறு இவ்வுலகில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் மிருகக்காட்சிசாலையில் மட்டும் அது தவறாமல் வாய்க்கிறது. இதை யாரோ வழிப்போக்கன் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் 'செய்தித் தொடர்பு'ப் பிரிவில் மேசை, நாற்காலி, மின்விசிறி சகிதம் அமர்ந்திருக்கும் நான் சொல்கிறேன். புலிக்கு முடி கொட்டியபோது "கோடைக்கு ஏற்ற எளிய தோற்றத்தில் புலி" என்று எழுதியவன் நான். குளம் வற்றி முதலை சேற்றில் கிடந்தபோது "இனி முதலையை முழுமையாகக் காணலாம்" என்று எழுதிப் பாராட்டுப் பெற்றவனும் நானே. ஆகவே என் வார்த்தையை நம்பலாம்.

எங்களிடம் இரண்டு மான்கள் இருந்தன. ஒன்று கிளைக்கொம்புள்ள ஆண் மான், மற்றது அதன் ஜோடி. ஒரு நாள் காலை ஆண் மான் எழுந்திருக்கவில்லை. 'முதுமை' என்று கால்நடை மருத்துவர் கூண்டுக்கு வெளியில் நின்றபடியே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அந்த மானுக்கு நடந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும்! உயிரோடு இருந்தவரை அதன் தலைக்கு மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. செத்த அன்றே அதற்குக் குளிரூட்டிய அறை கிடைத்தது. உயிரோடு இருந்தவரை அந்தப் பக்கமே வராத இயக்குநர் ஓடோடி வந்து, அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே கூட்டம் கூடியது.

"தலையை மட்டும் வெட்டிச் சுவத்துல மாட்டறதெல்லாம் பழைய ஸ்டைல்," என்றார் இயக்குநர். "புது வரவேற்பு ஹால் திறக்கப்போறோம். வாசல்லயே முழு மான் நிக்கணும். நாலு காலோட. வர்றவங்க அப்படியே அசந்துபோகணும்."

"உயிரோட இருக்கற மானைவிட அது வசதிதான் சார்," என்றார் மருத்துவர். "பாத்தா பயந்து ஓடாது."

"அது மட்டுமா? செத்தாலும் அது நம்ம ஸ்டாஃப். ட்யூட்டியில இருக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினோம். பணி ஓய்வுக்குப் பிறகும் வேலை கொடுக்கும் இந்தப் பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடுத்த கேள்வி, செத்த மானைப் பதப்படுத்தி நிறுத்துவது, அதாவது பாடம் செய்வது, யார் என்பது. அப்போது நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிறு வயதில் ஒரு பாடம் செய்பவரிடம் வேலை பார்த்தவர் என்றும், இப்போது சோபா தைக்கிறார் என்றும் சொல்லிவிட்டேன்.

"சோபாவுக்கு எத்தனை கால்?" என்று கேட்டார் இயக்குநர்.

"நாலு சார்."

"மானுக்கு?"

"நாலு சார்."

"அப்புறம் என்ன? வரச் சொல்லுங்க."

தகுதி ஆய்வு இவ்வாறு நிறைவுற்றது. மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு 'தெரியாது' என்ற வார்த்தை தெரியாது. கார் இன்ஜினிலிருந்து கல்யாணப் பொருத்தம்வரை எதைக் கேட்டாலும் "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த நாளில் மான் தலைகளை உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் முழு மானுக்குக் கால் தோல் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. இதை அவர் இயக்குநரிடம் சொல்லவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை. இருவருக்கும் முதல் சந்திப்பிலேயே ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது.

பாடம் செய்வது என்றால் தோலுக்குள் வைக்கோலைத் திணிப்பது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் போன காலம். இப்போது மானின் உருவத்திலேயே ஃபோமில் ஓர் உடல் வருகிறது. பதனிட்ட தோலை ஈரமாக அதன்மேல் சட்டை போல் போர்த்தி, பசை தடவி, வெட்டிய இடங்களைத் தைத்து மூட வேண்டும். அந்த ஃபோம் உடலுக்கு அளவு கொடுப்பதற்காக மச்சான் டேப்போடு வந்தார். இயக்குநர் தடுத்துவிட்டார்.

"செத்த உடம்பைப் போட்டு அளக்கறது அதுக்குச் செய்யற மரியாதையா? அளவு எல்லாம் ஆபீஸ்லயே இருக்கு."

ஆபீஸில் இருந்தது. எங்கள் கணக்குப்படி அந்த மான் நாள்தோறும் மூன்று வேளை தின்று, வருஷத்துக்கு வருஷம் எடை கூடிக்கொண்டே வந்த மான். அந்த அளவைத்தான் அனுப்பினார்கள். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருந்து ஃபோம் மான் ஒன்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளிப்பட்டது. அதன் தொடைகள் விருந்து சமைக்கும் சமையல்காரரின் கைகளைப் போலத் திரண்டிருந்தன. அதைப் பார்த்ததும் மச்சான் டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றி இரண்டு முறை அளந்தார்.

பதனிட்டு வந்த தோலை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அலுவலகக் குளிர்ப்பெட்டியில் திறப்பு விழாவுக்கான குளிர்பானங்கள் அடுக்கப்பட்டிருந்ததால் தோல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

"ஏங்க, ஃப்ரிட்ஜுல என்னங்க அது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"அரசாங்கச் சொத்து. தொடாதே."

"அரசாங்கச் சொத்துக்குக் குளம்பு இருக்கு. ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னாடி எட்டிப் பாக்குது."

"உங்க அண்ணன்தான் வெச்சாரு."

அண்ணன் என்றதும் அவள் ஐஸ்கிரீமை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

தைக்கும் வேலை, காட்சிசாலையின் பழைய டிக்கெட் அறையில் ஆரம்பமானது. தலையும் முதுகும் ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டன. மீதி இருந்தவை நான்கு கால்கள். உரிக்கும்போது காலின் பின்பக்கமாகக் கீறித் தோலை எடுப்பார்கள். திரும்ப மாட்டும்போது குளம்பில் ஆரம்பித்து மேல்நோக்கித் தைத்துக்கொண்டு வர வேண்டும். வளைந்த ஊசி, மெழுகு தடவிய நூல். ஊசி தோலின் உட்புறமிருந்து வெளியே வரவேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் மயிரை ஊசி முனையால் நெம்பி வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலின் பின்னால் சாக்குமூட்டை வாய் போலத் தையல் தெரியும். மச்சான் முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தார். அருகில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு தோலை அடிக்கடி ஒற்றினார். முழங்கால்வரை தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு அழகு.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? கால்னா இது கால்!"

முழங்காலுக்கு மேலே போனபோதுதான் வம்பு வந்தது. தோலின் இரண்டு ஓரங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. தொடைக்கு வந்தபோது நடுவில் நான்கு விரல் நுழையும் அளவுக்கு மஞ்சள் ஃபோம் பல்லைக் காட்டியது. மச்சான் தோலை நனைத்தார், இழுத்தார், குண்டூசி குத்தினார், கெஞ்சினார். கொஞ்சம் பலமாக இழுத்தபோது ஊசி போட்ட இடம் கிழிந்தது. மற்ற மூன்று கால்களிலும் அதே கதைதான்.

இயக்குநர் வந்து பார்த்தார். குனிந்து, இடைவெளிக்குள் தன் விரல்களையே விட்டுப் பார்த்தார்.

"மீதித் தோல் எங்க?"

"இவ்வளவுதான் சார் இருந்தது."

"நம்ம ரெக்கார்டுப்படி அது கொழுத்த மான்."

"ரெக்கார்டுக்குத் தோல் கிடையாதே சார்," என்றார் மச்சான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஃபோமைக் கொஞ்சம் சீவிட்டா போதும் சார். அரம் போட்டு ராவி, மெலிசா ஆக்கிடுவேன். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மான் எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கும்."

"எப்படி இருந்துச்சோ அப்படியேவா?" இயக்குநரின் முகம் வெளுத்தது. "வாசல்ல நிக்கப்போற மான்யா! வர்ற ஜனமெல்லாம் விலா எலும்பை எண்ணிட்டு, 'இதுக்கு என்னத்தைப் போட்டு வளத்தீங்க'ன்னு கேக்காதா?"

இங்கே நான் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எங்கள் இயக்குநர் உண்மைக்கு எதிரானவர் அல்லர். உண்மை வாசலில் நிற்பதைத்தான் அவர் விரும்புவதில்லை. ஆகவே அவர் ஆழ்ந்து யோசித்து முடிவுக்கு வந்தார்: கணக்குப்படி தோல் நிறைய இருந்தது; கைக்கு வந்த தோல் குறைவாக இருக்கிறது; நடுவில் அதைத் தொட்டவர் சோபா தைப்பவர்; சோபாவுக்குத் தோல் தேவைப்படும். மான் தோல் திருட்டு சாதாரணக் குற்றமா? உள்ளே போனால் எளிதில் வெளியே வர முடியாது. திறப்பு விழாவுக்குள் கால்கள் மூடியாக வேண்டும், இல்லையென்றால் போலீஸில் புகார். அந்தப் புகாரை அழகான நடையில் எழுதும் பொறுப்பு, அலுவலகத்திலேயே நடை உள்ள ஒரே ஆளான என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

வீட்டுக்குப் போனேன். மச்சான் எனக்கு முன்னாலேயே வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். "அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா பிள்ளைங்க என்ன சொல்லும், மாப்பிள்ளை?" என்றார். பெரிய விஷயம் இல்லை என்று அவர் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் மெதுவாகத் தாளை எடுத்தேன்.

"என்ன எழுதப்போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் வேலை."

"எங்க அண்ணனைத் திருடன்னு எழுதற வேலையா?"

"எழுதலைன்னா என் வேலை போயிடும்."

"எழுதுங்க. தாராளமா எழுதுங்க. அந்தக் கையால இந்த வீட்டுச் சாப்பாட்டைத் தொடாம இருந்தா சரி." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் எத்தனை தடவை சொன்னேன், எல்லாம் தெரியும் எல்லாம் தெரியும்னு போய் நிக்காதேன்னு! இப்ப அந்த மனுஷன் சொன்ன அளவுக்கு மானை எங்கேருந்து கொண்டுவருவே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் எழுதினேன். "பெருத்த மன வேதனையுடன் தெரிவித்துக்கொள்வதாவது" என்று ஆரம்பித்தேன். வரி நன்றாக வந்துவிட்டதில் சற்றுப் பெருமைகூட இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் 'உயர்மட்டக் கால் குழு' கூடியது. மச்சானையும் அழைத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் எழுதிய புகார் மடித்த நிலையில் இயக்குநரின் முன்னால் இருந்தது. கடைசி முயற்சியாக எல்லோருடைய யோசனைகளும் கேட்கப்பட்டன. இடுப்பளவு பிளாஸ்டிக் புல்லுக்குள் நிறுத்தலாம் என்றார் ஒருவர்.

"நாலு கால்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு," என்றார் இயக்குநர்.

"பேன்ட் போட்டுவிடலாமா சார்? ஸ்டாஃப்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. யூனிஃபார்ம்."

இயக்குநர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்போது மருத்துவர் ஜன்னலோரமாகப் போய் நின்றார். வெளியே பெண் மான், கூண்டுக் கம்பியில் உரிந்து தொங்கிய பெயின்டை நக்கிக்கொண்டிருந்தது.

"சார், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அதே ஜாதி, அதே நிறம். ஒரிஜினல் மெட்டீரியல் வெளியிலயே நிக்குது."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"அதுக்கும் வயசு ஆச்சு இல்ல?" என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு.

"ஆயிட்டே இருக்கு சார். நாளைக்குக்கூட ஆகலாம்."

இயக்குநர் மச்சான் பக்கம் திரும்பினார். "என்னப்பா, அந்தத் தோலை எடுத்து ஒட்டுப்போட்டா நாலு தொடையும் மூடிடுமா? மூடிடும்னு சொல்லு, இந்தப் புகாரை இப்பவே கிழிச்சுப் போடறேன்."

மச்சான் வெளியே பார்த்தார். மான் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு திரும்பவும் பெயின்டுக்குப் போய்விட்டது. 'மூடும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மச்சான் வீட்டுக்குப் போகலாம். சொல்லிவிடு மச்சான் என்று மனசுக்குள் நானே கெஞ்சினேன், இதையும் சொல்லிவிடுகிறேன்.

"மூடும் சார்," என்றார் மச்சான். "அழகா மூடும்."

இயக்குநர் புகாரைக் கையில் எடுத்தார்.

"ஆனா இப்ப எடுத்தா எல்லாம் வீணாயிடும். மெலிஞ்ச தோல் சார் அது. ஊசி போட்ட இடமெல்லாம் மயிர் கொட்டும். திறந்த மறுநாளே தொடை வழுக்கையா நிக்கும். போட்டோவுல பளிச்சுன்னு தெரியும்."

"அப்போ?"

"தோலை வளக்கணும் சார். செடி வளக்கற மாதிரி. வேளாவேளைக்குப் பச்சைத் தீவனம், தானியம், நல்ல தண்ணி. கூரை ஒழுகக்கூடாது, நனைஞ்சா தோல்ல பூசணம் பிடிக்கும். மிரட்டக்கூடாது, மிரண்டா தோல் சுருங்கிப்போயிடும். நிம்மதியா வெச்சிருந்தா தோல் தானா விரியும்."

"எத்தனை நாளைக்கு?"

"அதை நான் சொல்லக்கூடாது சார். தோல் சொல்லும்."

இந்தச் சாஸ்திரத்தை மச்சான் எந்தக் குருவிடமும் கற்கவில்லை. அங்கேயே, நின்ற இடத்திலேயே உண்டாக்கினார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் அதைச் சொன்ன கம்பீரத்தில் மருத்துவரே "ஆமா சார், புத்தகத்துலகூட இருக்கு" என்று தலையாட்டினார்.

"அதுவரைக்கும் இந்தப் புகார்?" என்றார் இயக்குநர்.

"உங்க இஷ்டம் சார். என்னை உள்ள போட்டுட்டா அப்புறம் யார் தைப்பாங்கன்னுதான் யோசனை."

புகார் மேசை இழுப்பறைக்குள் போனது. அப்போதே உத்தரவு பிறந்தது. தீவனக் கிடங்கைத் திறந்தார்கள். கதவில் ஒரு பூட்டும் உள்ளே சில எலிகளும்தான் இருந்தன. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் வண்டி நிறையப் பச்சைப் புல்லும் தானியமும் வந்து இறங்கின. வண்டி வந்த திசையில் கடை எதுவும் கிடையாது. இயக்குநரின் வீடும், அதன் பின்னால் அவர் அன்போடு வளர்க்கும் பசு மாடுகளும்தான் உண்டு. அன்று சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து மாடுகள் கத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண் மான் முதலில் தீவனத்தை நம்பவில்லை. சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. பிறகு தலையைக் கவிழ்த்ததுதான், யார் கூப்பிட்டும் நிமிரவில்லை.

திறப்பு விழா இனிதே நடந்தது. ஆண் மான் தொடைகளில் வெள்ளைத் துணி சுற்றி நின்றது. "பணி நடைபெறுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி" என்று ஒரு பலகையை அதன் கழுத்தில் மாட்டியிருந்தோம். வந்த முக்கிய விருந்தினர், சிகிச்சையில் இருக்கும் மானைக்கூட வேலைக்கு வரவழைத்திருக்கும் கடமை உணர்ச்சியைப் பாராட்டிப் பேசினார்.

அதன் பிறகு மச்சான் வாரந்தோறும் வந்தார். மானின் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"இன்னும் கொஞ்சம் சார். இடது தொடை பத்தாது."

அடுத்த வாரம் வலது தொடை பத்தாது. அதற்கடுத்த வாரம் மயிர் மாறும் பருவம், ஊசி படக்கூடாது. மானுக்கு உடம்பு பிடித்தது. மினுமினுப்பு வந்தது. பெயின்டை மறந்தது. கூண்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு வாரம் இயக்குநர் பொறுமையிழந்து தானே கிள்ளிப் பார்த்து, "இப்ப பத்தும் போல இருக்கேப்பா" என்றார். எனக்குத் திக்கென்றது.

"பத்தும் சார்," என்றார் மச்சான் அசராமல். "ஆனா ஒரே ஒரு மானோட ஹால் காலியா இருக்குன்னு ஜனம் பேசிக்குது. பக்கத்துல ஒரு கரடி நின்னா எப்படி இருக்கும்? எல்லாத்தையும் ஒரே சமயத்துல தைச்சாத்தான் நிறம் ஒத்துப்போகும்."

இயக்குநரின் கண்கள் விரிந்தன. "கரடித் தோல் தயாரா இருக்கா?"

"அதையும் வளக்கணும் சார்."

இது எப்படியோ ஊழியர்களிடையே பரவிவிட்டது. கூண்டுக் காவலர்கள் ஒவ்வொருவராக மச்சானைத் தேடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, நம்ம புலியைப் பத்தியும் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. அதோட தோலும் வேணும்னு." "குரங்குத் தோல் எதுக்காவது ஆகுமாண்ணே? பசி தாங்காம கத்துதுண்ணே." மச்சான் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. என் மனைவி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். என்னிடமும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இன்று எங்கள் மிருகக்காட்சிசாலையில் எல்லா விலங்குகளும் வேளாவேளைக்கு வயிறார உண்கின்றன. கூரைகள் ஒழுகுவதில்லை. முதலைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வரவேற்பு ஹாலில் ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் இடம் சாக்பீஸால் குறிக்கப்பட்டிருக்கிறது. இயக்குநர் மாலையில் அங்கே போய் நின்று, நிறைவோடு பார்த்துவிட்டு வருகிறார். சென்ற வாரம் அவருக்கு 'விலங்கு நேயச் செம்மல்' விருது அறிவித்திருக்கிறார்கள். விருது மடலுக்கு வாசகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றார்கள். "இவர் காலத்தில்தான் எங்கள் விலங்குகள் முதன்முறையாக வயிறார உண்டன" என்று எழுதிக் கொடுத்தேன். இடமில்லாமல் விட்டுப்போன அடுத்த வரி இது: "அதற்கு, அவை ஒவ்வொன்றையும் கொன்று தோலை உரித்துத் தருவதாக நாங்கள் அவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது."